பின் சீட்டில் ஏறிய டேங்க்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், அப்பா நலம், வண்டி எங்கள் இருவரையும்விட நலம். நீயும் அங்கே நலமாகத்தான் இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த நலம் அப்படியே இருக்க வேண்டும், அதனால் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள். போன தடவை போனில் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாங்கள் வருகிறோம். மோட்டார் சைக்கிளில்தான் வருகிறோம். இதில் உன் அனுமதி கேட்கும் வரி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடாதே, இல்லை.

நீ சொன்ன காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்காமல் இல்லை. வயதாகிவிட்டது என்றாய். டிரைவிங் ஸ்கூலில் இன்றைக்கும் காலையில் நான்தான் முதலில் போய்க் கதவைத் திறக்கிறேன், இந்த ஊரில் பாதிப் பேர் கிளட்ச் எது பிரேக் எது என்று என்னிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டவர்கள், அவர்கள் ஓட்டலாம் நான் ஓட்டக் கூடாதா? ரோடு மோசம் என்றாய். மோசமான ரோட்டில் மெதுவாக வருவேன். விமானத்தில் வந்து இறங்குங்கள், அங்கிருந்து கார் வைக்கிறேன் என்றாய். அந்தக் காரில் ஒரு பகல் முழுக்க உன் அப்பாவை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறாயா? ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் கட்டின புருஷனைத் தெருமுனை தாண்டிக் காரில் கூட்டிப்போக முடியவில்லை, கதவைச் சாத்தினாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிடும். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பார்த்த ஊரெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த ஊர்தான். கடைசியாக, கடைசி பெட்ரோல் பங்கைத் தாண்டினால் நீ ஏறி வேலை பார்க்கிற காற்றாலைகள் இருக்கிற வெட்டவெளி முழுக்க ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடைக்காது, வண்டி டேங்க் பாதி வழிக்குத்தான் தாங்கும், கேனில் ஊற்றிக் கட்டிக்கொண்டு வருவது நெருப்பைக் கட்டிக்கொண்டு வருவது மாதிரி என்றாய். இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லும்படியாக இருந்தது, இதை மட்டும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதால்தான் கேனை விட்டுவிட்டு இன்னொரு டேங்க் செய்யச் சொன்னேன்.

ஏன் இந்த அவசரம், அடுத்த வருஷம் நீயே வருகிறாய்தானே என்று கேட்பாய். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்காத குறை. அவர் பேச்சையும் மீறித்தான் எழுதுகிறேன். அவருக்குக் கண் ஓரத்தில் தெரியவில்லை. நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வருகிறது. அச்சகத்தில் இத்தனை வருஷம் பிழை திருத்தியவர், பேப்பர் படிக்கும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தை விரலால் தேடுவதைப் பார்த்தேன். பிறகு தெருவில் ஓரமாக நிறுத்தியிருந்த சைக்கிளில் போய் மோதிவிட்டு சைக்கிள்காரனைத் திட்டினார். என்னிடம் புதிதாக வண்டி பழக வருகிறவர்களை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் விரலை நீட்டி எத்தனை என்று கேட்பது என் வழக்கம், உனக்கும் அப்படித்தான் கேட்டேன். அன்றைக்கு சமையலறையில் அவர் பக்கத்தில் நின்று விரலை நீட்டினேன். அவர் எத்தனை என்று சொல்லவில்லை, நான் கை நீட்டியதே தெரியாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். வெளியே வந்து அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார், "அவன் ஏறுற கம்பத்த ஒரு தடவ கீழ நின்னு அண்ணாந்து பாத்துடணும்." அதற்கு மேல் எனக்கு யாருடைய அனுமதி வேண்டும், சொல்.

டேங்க் கதையைக் கேள். லாரிக்கு டீசல் டேங்க் செய்கிற வெல்டிங்காரர் ஒருவர் இருக்கிறார், எப்போதும் புருவம் கருகியே இருப்பதால் அவரைக் கருகல் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. பெட்ரோல் தன் பாட்டுக்கு இன்ஜினுக்கு இறங்க வேண்டுமானால் டேங்க் உயரத்தில் இருக்க வேண்டும், எனக்குப் பின்னால் சீட்டின் மேல் வைத்துவிட்டால் ஒரு குழாயும் திறந்து மூட ஒரு திருகும் போதும், வேலை சுத்தமாக இருக்கும் என்றார். எனக்கும் சரி என்று பட்டது. அளவெடுத்தோம். டேப்பின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன், மறு நுனியை அப்பா பிடித்துக்கொண்டார். அலுமினியத் தகட்டில் அழகாகச் செய்தார் கருகல், வளைவில் பெட்ரோல் ஒரே பக்கம் சாயாமல் இருக்க உள்ளே தடுப்பு வைத்து, மூடியில் காற்றுப் போக ஓட்டை வைத்து. ஒட்டின இடமெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தார், ஓரிடத்தில் விரல் நின்றது, இங்கே ஏதோ இருக்கிறது என்றார். சோப்புத் தண்ணீர் பூசிக் காற்றடித்தால் சரியாக அதே இடத்தில் குமிழி. அச்சகத்துக்காரர் கைக்குத் தப்புமா என்று கருகல் சிரித்துக்கொண்டே மறுபடி ஒட்டிக்கொடுத்தார்.

இதற்கு நடுவில் நீ ஏவிவிட்ட ஆள் வந்து போனான், உன் மாமாவைத்தான் சொல்கிறேன். என் கூடப் பிறந்தவன் என்னைப் பார்க்க வருவது வருஷத்துக்கு ஒரு தடவை, அவன் கையில் பழத்தோடு வந்து நின்றதுமே நீ போன் போட்டிருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. டீ குடித்தான், டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்தான், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு அக்கா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றான். அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வா, நான்தான் அவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்றேன். நான் உள்ளே போன நேரம் பார்த்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டான். அவன் கொண்டுபோனது துணி பீரோ சாவி. வண்டிச் சாவி எப்போதும் போல என் கழுத்துச் சங்கிலியில்தான் இருக்கிறது. நானும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஏதோ சாதித்துவிட்ட திருப்தியில் நிம்மதியாகத் தூங்கட்டும். ஆனால் பீரோவுக்குள் என் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருக்கிறது, நீயே போன் போட்டுச் சாவியைக் கொண்டுவந்து மாட்டச் சொல், நீ பார்த்து அனுப்பிய திருடன்தானே.

டேங்கைப் பின் சீட்டில் வைத்து நட்டு முடுக்கி, பெட்ரோல் நிரப்பி, ஒரு ஓட்டம் விட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். ஹெல்மெட் மாட்டினேன், வண்டியைக் கிளப்பினேன், ஏறி உட்கார்ந்து வழக்கம்போல ஏறுங்கள் என்றேன். யாரும் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா வாசலில் நின்றுகொண்டிருக்கிறார், தலையில் ஹெல்மெட் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவெடுத்தது, தகடு வெட்டியது, ஒட்டியது, நட்டு முடுக்கியது எல்லாம் அவர் உட்காரும் இடம். கண்ணாடியில் பார், பின்னால் பார் என்று ஊரெல்லாம் கத்துகிறவள் எனக்குப் பின்னால் யார் உட்காருவார் என்று பார்க்கவில்லை. முதுகை யார் பார்க்கிறார்கள், அது இருக்கும் என்றுதானே நினைக்கிறோம், அப்படித்தான் அவரையும் நினைத்திருக்கிறேன். வண்டியை அணைத்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "டேப்பப் பிடிக்கச் சொன்ன, பிடிச்சேன்" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். பிறகு அவரே சொன்னார், "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா நான் பாத்த மாதிரிதான்." ஓட்டை கண்டுபிடித்துக்கொடுத்தாரே கண்ணா, தன் இடத்தைப் பிடிக்கப் போகிற டேங்க் ஒழுகக் கூடாது என்று விரலால் தடவித் தடவி ஓட்டை கண்டுபிடித்துக்கொடுத்தாரே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் மேல் இல்லை, என் மேல்.

அன்றைக்கே கழற்றினேன். தூக்கிக்கொண்டு கருகலிடம் போனேன். வேறு இடமே இல்லை என்றார். பின் சக்கரத்தின் இரு பக்கமும் தொங்குகிற சைடு பெட்டி இரண்டையும் எடுத்துவிட்டு அங்கே வையுங்கள் என்றேன். அங்கே வைத்தால் தாழ்வாகிவிடும், பெட்ரோல் மேலே ஏறாது என்றார். ஏற்றுங்கள், கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறுகிறது, இது ஏறாதா என்றேன். சைலன்சர் பக்கம் சூடு என்றார். இடைவெளி விட்டுத் தகடு அடியுங்கள் என்றேன். துணிமணியை எதில் வைப்பீர்கள் என்றார். மூட்டையைச் சின்னதாகக் கட்டுவேன் என்றேன். அவர் புருவத்தைத் தடவினார், அது இருந்தால்தானே தடவ, பிறகு வேலையை ஆரம்பித்தார். இப்போது இரண்டு பக்கமும் ஒல்லியாக இரண்டு டேங்க், ஒன்றுக்கொன்று குழாய், ஒரு பக்கம் மட்டும் காலியாகி வண்டி சாயாது. கார் எலக்ட்ரீஷியன் சின்ன பம்ப் ஒன்று வைத்து, தனியாக ஃபியூஸ் போட்டு, ஹேண்டில் பக்கத்தில் ஸ்விட்ச் கொடுத்திருக்கிறார். வண்டியின் சொந்த டேங்க் பாதி இறங்கியதும் ஸ்விட்சைத் தட்டினால் கீழே இருப்பது மேலே ஏறுகிறது. முழுப் பாரத்தோடு மேட்டிலும் மண்ணிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். வண்டி பரிசோதிக்கிற அதிகாரி குனிந்து நிமிர்ந்து தட்டிப் பார்த்து அனுமதியும் கொடுத்துவிட்டார், என்னிடம் பழகியபோது இரண்டு கம்பத்துக்கு நடுவே நிறுத்தத் தெரியாமல் முழித்தவர், அதை நான் ஞாபகப்படுத்தவில்லை, அவருக்கே ஞாபகம் இருந்தது.

ஆக உன் பெட்ரோல் காரணமும் தீர்ந்தது. இன்னும் பயமாக இருக்கிறது என்றால் இருக்கட்டும், பயப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, தடுப்பதற்கு இல்லை. நீ ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு நட்டு முடுக்குகிறாய், நான் வேலையை விட்டுவிட்டு வா என்றேனா? பெல்ட்டை மாட்டிக்கொள் என்று மட்டும்தானே சொன்னேன். நீயும் எனக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொள் என்று மட்டும் சொல், கேட்டுக்கொள்கிறேன். பாதி வழிக்கு ஜீப்பில் பெட்ரோல் கேனோடு வந்து நிற்கும் வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே, நின்றாலும் நிறுத்த மாட்டேன், கையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். என் பெட்ரோலில் வருகிறேன், உன் அப்பாவை நானே கொண்டுவந்து சேர்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, டின்னில் அடைத்ததையே தின்றுகொண்டிருக்காதே. உயரத்தில் ஏறும்போது பெல்ட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது, நோய் நொடி இல்லாமல் நன்றாக இருப்பாய், நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாங்கள் வந்து சேருகிற அன்றைக்கு ஆசையில் ஓடி வந்து பக்கத்தில் நிற்காதே, பக்கத்தில் நின்றால் அவருக்குத் தெரியாது, தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல் சிரிப்பார். உன் கம்பத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நேர் எதிரே நில். நான் முதலில் இறங்கி விலகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் சொல் பேச்சுக் கேளாத அம்மா