எடுத்து வைத்த பந்து

ஆடி, ஞாயிறு இரவு. தாம்பரம்.

காற்று இன்னும் அடங்கவில்லை. கோல்ஃபில் சாமுவேல் இத்தனை வருடங்களில் என்னை ஒருமுறைகூட வென்றதில்லை. இன்று கடைசிக் குழிவரை சமமாக வந்தோம். அவருடைய பந்து குழிக்கு இரண்டடி தள்ளி நின்றது. அது என் பந்தின் வழியை மறிப்பதாகச் சொன்னேன். வழக்கப்படி அடையாளத்துக்கு ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டார். நான் அடித்தேன், குழி தவறியது. அவர் பந்தைப் பழைய இடத்தில் வைத்து நிமிர்வதற்குள் காற்று அதை உருட்டிக் குழிக்குள் தள்ளியது.

“கர்த்தரே எனக்காக ஆடிட்டாரு சார்,” என்று சிரித்தார்.

எடுத்து வைத்த பந்தைக் காற்று நகர்த்தினால் அதைத் திரும்ப வைக்க வேண்டும். எடுக்காமலே இருந்திருந்தால் அது செல்லும், அவர் வென்றிருப்பார். விதியைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் வைத்து அடித்தார். காற்று பந்தை விலக்கியது. ஆட்டம் சமனில் முடிந்தது.

பல்லாவரத்தில் என் காரிலிருந்து இறங்கும்போது கேட்டார்: “என் பந்து நெஜமாவே உங்க வழில இருந்துச்சா சார்?”

“அந்தக் காத்துல சரியா தெரியல.”

“உங்க பேப்பர்ல நியூஸ இப்படித்தான் எழுதுவீங்களா?” என்று கதவைச் சாத்தினார்.

தெரிந்தது. ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. இருந்தும் அது அங்கே நிற்பது எனக்கு உறுத்தலாக இருந்தது.

காலையில் சொல்லிவிடலாம். இப்போது கூப்பிட்டாலும் எடுப்பார். அவரும் தூங்கியிருக்க மாட்டார்.