இரண்டு பெல்

இன்று காலை உன் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழிருந்து வெளியே இழுத்தேன். எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளம் கார்களுக்கு மட்டுந்தானாம். சைக்கிள் நின்றால் பார்வைக்கு வடிவில்லையாம். எடுக்கச் சொல்லி நிர்வாகத்தார் மறுபடியும் ஆள் அனுப்பியிருந்தார்கள். ஹாண்டிலைத் திருப்பும்போது பெல் தானாக ஒரு தரம் அடித்தது.

பெற்றோல் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற காலத்தில், என்னையும் சைக்கிள் வாங்க வைத்தவள் நீ. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனமாதிரியே இங்கே கொழும்பிலும் பம்பலப்பிட்டிக்கு வேலைக்குப் போகலாம் என்றாய். அங்கே ஒழுங்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் கதைத்தபடி ஓடியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் முதல் நாளே, காலி நகரத்துக்குப் போகும் காலி வீதியில் ஏதோ சொல்ல என் பக்கத்துக்கு வந்தாய். பின்னால் வந்த பஸ் உன் முழங்கையை உரசாத குறையாகப் போனது. மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர், விலகச் சொல்லிச் சிங்களத்தில் கத்திவிட்டுப் போனான். இரண்டு பேரும் ஒரு கடை வாசலில் இறங்கி நின்றோம். எனக்குக் கால் நடுக்கம் நிற்கவில்லை. உனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

"நீ முன்னுக்குப் போ. நான் பின்னாலை வாறன். பஸ் வந்தால் ரெண்டு பெல் அடிப்பன், ஓரம் கட்டு" என்றாய்.

அதன்பிறகு அப்படித்தான் போனோம். ஓரம் என்று ஒன்று அங்கே இருந்தால்தானே! நிறுத்திவைத்த வான், திடீரென்று திறக்கும் கார்க் கதவு, குறுக்கே நுழையும் ஓட்டோ. மழை பெய்தால் கழிவுநீர்க் கான் எது, ரோட்டு எது என்று தெரியாது. வேர்த்து வழிந்து கந்தோருக்குப் போய்க் கழிவறைக்குள் நின்று சட்டை மாற்றுவோம். சொந்தக்காரர் கண்டால் அது வேறு; கொழும்பிலும் சைக்கிளோ என்று முகத்தைச் சுளிப்பார்கள். வெட்கத்தை எப்படியோ சமாளித்தேன். பயத்தைச் சமாளிக்கவேயில்லை. உன் பெல்லை நம்பித்தான் ஓடினேன்.

பெற்றோல் திரும்ப வந்ததும் எல்லோரையும் போல நானும் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டேன். நீ விடவில்லை. காலி வீதி உன்னை ஒன்றும் செய்யவுமில்லை, உடம்பில் வந்த வருத்தம்தான் கொண்டுபோனது. களுபோவில ஆஸ்பத்திரிக்கு நான் கடைசியாக வந்தபோதுகூட, "என்ர சைக்கிளுக்குக் காத்தடிச்சு வை" என்றுதான் சொன்னாய்.

இப்போது அதைக் கேட்பது உன் மகள். அவளுக்கும் பம்பலப்பிட்டியில்தான் வேலை. பஸ் நெரிசலிலும் அதற்குள் உரசுகிற கைகளிலும் வெறுத்துப்போயிருக்கிறாள். நான் எவ்வளவோ சொல்லித் தடுத்துப் பார்த்தேன். ஹெல்மெட் வாங்கிவிட்டேன் என்கிறாள். "அம்மா பயப்பிடாமல் ஓடினவாதானே, அன்ரி" என்கிறாள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. உனக்குப் பயம் இருக்கவில்லையா? பின்னால் வருகிற பஸ், பின்னால் போகிறவளைத்தானே முதலில் தட்டும். அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நீ ஏன் என்னை முன்னுக்கு விட்டாய் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஒரு நாளும் அதைப் பற்றி நீ வாய் திறக்கவில்லையே.

உன் சைக்கிளையும் என் சைக்கிளையும் மேலே என் வீட்டு ஹோலுக்குள் ஏற்றி வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் காற்றடித்தாயிற்று. நாளைக் காலை வெள்ளவத்தைப் பாலத்தைத் தாண்டும்போது எனக்குப் பயம் வரத்தான் போகிறது. "நீங்கள் பயந்த ஆளல்லோ அன்ரி, ஏன் வாறியள்?" என்று உன் மகள் கேட்டாள்.

"நீ முன்னுக்குப் போ, பிள்ளை" என்றேன். "நான் பின்னாலை வாறன்."