பெட்டிக்குள்ளிருந்து வந்த சிரிப்பு

என் செல்ல அன்ரன் அண்ணாவுக்கு,

நாங்கள் தலைமன்னாருக்குத் திரும்பி வந்துவிட்டோம். அம்மாவும் நானும் மட்டும்தான். உன்னை இந்தியக் கரையில், அகதி முகாமுக்குப் பக்கத்துச் சேமக்காலை மண்ணுக்குள் தனியே விட்டுவர அம்மாவுக்கு மனமே இல்லை.

இங்கே கொழும்பைவிட இந்தியா கிட்ட. அன்ரெனாவை அந்தப் பக்கம் திருப்பினால் தமிழ்நாட்டுச் சனல்கள் தெளிவாக விழும். அதில் ஒரு சனலின் படப்பிடிப்பில் கைதட்ட ஆள் வேண்டுமென்று முகாமிலிருந்து எங்களை ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிப் போனார்களே, நினைவிருக்கிறதா? குடும்பங்களின் சின்னச்சின்னச் சந்தோசங்களைக் குட்டி நாடகங்களாக நடித்தார்கள். நீ சிரித்த சிரிப்பில் நடிகர்களே ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு உன்னைத் தேடினார்கள். கொஞ்சக் காலத்தில், பெயின்ற் வேலைக்குப் போன இடத்தில், நீ கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தாய்.

அந்த நிகழ்ச்சி இன்னும் நடக்கிறது அண்ணா. இப்போது புது ஆட்கள், புதுக் கதைகள். ஒரு பின்னேரம் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஒருவன் மனைவியின் பிறந்தநாளை மறந்துவிட்டுத் தடுமாற, சபை சிரித்தது. அதற்குள் நீ. மூச்சை உள்ளே இழுத்து, விக்கல்போல இடறி, பிறகு வெடிக்கும் உன் சிரிப்பு.

அம்மாவின் கை அப்படியே நின்றது. "கேட்டனியே?"

"ஓம் அம்மா."

"அவன்தான்."

ஒருமுறை பதிந்த சிரிப்பை எடுத்துவைத்து, வேண்டிய இடமெல்லாம் போடுவார்கள் என்று விளங்கப்படுத்தினேன். அம்மா மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து பெட்டிக்கு முன்னால் கதிரை ஒன்றை வெறுமனே போட்டுவிட்டுத் தான் நிலத்தில் இருந்தார். நீ சிரித்ததும், "சாப்பிட்டியோ ராசா?" என்பார். சிலவேளை கேள்வி முடியவும் அடுத்த சிரிப்பு வரும்.

உன் ஆண்டுப் பூசைக்குப் பெயர் கொடுப்போமா என்று கேட்டேன். "சிரிக்கிறவனுக்கு என்னத்துக்குப் பூசை?" என்றார்.

இன்னொன்றை அம்மாவிடம் நான் சொல்லவேயில்லை. ஒருநாள் தனியே இருந்து பார்த்தபோது உன் சிரிப்புக்கு அடியில் ஒரு மெல்லிய சிரிப்புக் கேட்டது. அது நான். உன் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்த நான். அப்படி நான் பிறகு சிரித்ததேயில்லை. அந்தப் பிள்ளை உன்னோடேயே தங்கிவிட்டாளா அண்ணா?

போன கிழமை அவர்கள் ஒரு செத்தவீட்டை நாடகமாக்கினார்கள். தகப்பனின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று பிள்ளைகள் சொத்துக்குச் சண்டை பிடித்தார்கள். மூத்தவள் பெட்டியின்மேல் விழுந்து கதறினாள். அந்தக் கதறலுக்கு நடுவில் நீ சிரித்தாய். அதே இடறல், அதே வெடிப்பு.

அம்மா எழும்பிப்போய்த் தொலைக்காட்சியை நிப்பாட்டினார்.

"அவன் செத்தவீட்டிலை சிரிக்கமாட்டான்," என்றார். "உங்கடை அப்பா செத்த அண்டைக்கு, வாசல்லை நிண்டு பகிடி விட்ட பெடியளைக் கலைச்சவன் அவன்."

"அப்ப இது ஆர் அம்மா?"

"தெரியேல்லை. என்ரை பிள்ளை இல்லை. என்ரை பிள்ளை செத்துப்போனான்."

உன்னைப் புதைத்த அன்றுகூட அந்தச் சொல் அம்மாவின் வாயில் வரவில்லை, அழவுமில்லை. இப்போது நிலத்தில் இருந்து, என் மடியில் தலையை வைத்து, பொழுதுபடும்வரை அழுதார்.

அடுத்தநாள் தானே கோயிலுக்குப் போய்ப் பங்குச் சுவாமியிடம் உன் பெயரைக் கொடுத்தார். வாற ஞாயிறு உனக்குப் பூசை. தொலைக்காட்சியை நாங்கள் இப்போது போடுவதில்லை. ஆனாலும் அந்த நேரம் வந்தால் இருவருமே கதைப்பதை நிறுத்திவிடுகிறோம். எதைக் கேட்கக் காத்திருக்கிறோம்? ஒருவரையொருவர் கேட்டதில்லை.

கடலைத் தாண்ட ஒரு வழி கிடைத்ததும் உன்னிடம் வருவேன். குழியடியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பேன். அப்போது நீ ஒரு சத்தமும் போடாதே அண்ணா. நீ அங்கேதான் கிடக்கிறாய் என்று நான் அம்மாவிடம் வந்து சொல்லவேண்டும்.

உன் ஒரேயொரு தங்கச்சி,
றீற்றா