செல்விக்காக மூன்று டியோடரண்ட்

மே 9, வெள்ளி.

என் மனைவி செல்விக்கு மார்பில் கதிர்வீச்சு தொடங்கியபோது, அலுமினியம் கலந்த டியோடரண்ட் கூடாது என்றார் டாக்டர். வியர்வை வாடைக்குக் கூசி அவள் ஞாயிறு பூசைக்குக்கூடப் போகவில்லை. அலுமினியம் இல்லாதவை மூன்று வாங்கி, நான் வேலை பார்க்கும் உப்பளத்து வெயிலில் என் அக்குளில் சோதித்தேன்.

சோடா உப்புக் களிம்பு வாடையைப் போக்கியது, கூடவே தோலையும். தேங்காயெண்ணெய்க் குச்சி பத்து மணிக்கே உருகிச் சட்டையில் குடியேறியது. மூன்றாவது, வெள்ளைக் கல்.

"படிகாரம்லா! சுத்த இயற்கை" என்றார் கடைக்காரர்.

"படிகாரமே அலுமினிய உப்புதான, அண்ணாச்சி?"

"அப்ப அது இயற்கை அலுமினியம்."

"மூணையும் தேய்ச்சும் ஒங்க மேல கருவாட்டு வாடைதான்" என்று செல்வி சிரித்தாள்.

இன்று டாக்டரிடம் தனியாக என் முடிவைச் சொன்னேன்: உருகினாலும் எண்ணெய்க் குச்சியே பாதுகாப்பானது. அவர் ஸ்கேனை உறைக்குள் வைத்தார்.

"இனிமே எதையும் தவிர்க்க வேண்டாம் சார். வைத்தியத்துல பலன் இல்ல, நிறுத்திருவோம். அவங்களுக்குப் பிடிச்சதப் போடட்டும்."

வெளியே காத்திருந்தவள், "என்ன சொல்லுதாரு?" என்றாள்.

"ஒன் பழைய ஸ்பிரேயே போடலாமாம்."

"அப்ப கொணமாயிட்டுல்லா!"

ஆமாம் என்றேன். வழியில் கடையில் இறங்கினாள். இருந்ததிலேயே பெரிய டப்பாவை எடுத்தாள்.

"ஆறு மாசத்துக்கு வரும்" என்றாள்.