டாக்டர் ரொம்ப நேரம் பேசினார்

பிராட்டோ,
மார்ச் 12

அன்பு மகள் ஷுயானுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் கை நலம், கால் நலம், தலையும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நடுவில் உள்ளதுதான் கொஞ்சம் தகராறு செய்கிறது, அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பதறாதே. மெல்போர்னில் குளிர் ஆரம்பிக்கும் என்றாய், காது மறைக்கிற தொப்பி வாங்கினாயா இல்லையா? போனில் பேசாமல் இந்த மனிதர் ஏன் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைப்பாய். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை, அதிலும் பாதி எழுத்துகள் மறந்துவிட்டன, ஒவ்வொன்றையும் போனில் தேடிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் போன் என்றால் நடுவில் பேச்சை மாற்றிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அது வந்தால்தான் மற்றதும் வரும். ஜனவரியில் இடது தோளிலிருந்து ஒரு வலி இறங்கி முழங்கை வரை வந்தது, படி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ நூலை இழுத்துப் பிடித்த மாதிரி ஓர் இறுக்கம். அயர்ன் பெட்டி தூக்கி வந்த வலி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். தையல் பட்டறை முதலாளி மியாவின் சம்சாரம்தான், யே அண்ணே, நீங்க அயர்ன் போடுறது வலது கையால, வலிக்கிறது இடது கை, அது என்ன, வேடிக்கை பாத்தே களைச்சுப் போச்சா என்று கேட்டாள். மேசையைச் சுற்றி நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், மறுநாள் காலை டாக்டரிடம் போனேன். தனியாகப் போனேன், அங்கேதான் மானம் போயிற்று. எங்கே வலி என்று அந்த அம்மாள் கேட்டது புரிந்தது. பதில் சொல்லத்தான் வார்த்தை இல்லை. இந்த ஊரில் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, இவர்கள் பாஷையில் எனக்கு ஒரு நாற்பது வார்த்தை தெரியும், நாற்பதும் உடுத்திக்கொள்கிற வார்த்தைகள். அதனால் இடது ஸ்லீவ் என்றேன், தோள் தையலிலிருந்து கீழே என்றேன், உள்ளே லைனிங் டைட்டாக இருக்கிறது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். டாக்டரம்மாள் என் சட்டையை உற்றுப் பார்த்தாள். அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நர்ஸ் போட்டிருந்த சட்டையின் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நம் தெருவில் எங்கோ தைத்தது, இடது பக்கம் அரை விரல் கோணல். பதிலுக்கு நானும் சிரித்திருக்கலாம், ஆனால் அதற்குள் நெஞ்சில் ஒயர் எல்லாம் ஒட்டிவிட்டார்கள். சிரித்தாளே தவிர அந்த அம்மாள் நல்லவள், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

போன வாரம் பரிசோதனை முடிவு வாங்கப் போகவேண்டி இருந்தது. இந்தத் தடவை மியாவின் மகள் ஜூலியாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழாவது படிக்கிறாள், பன்னிரண்டு வயது, இங்கேயே பிறந்தவள். பட்டறையில் யாருக்கு எந்த ஆபீஸில் வேலை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், போஸ்ட் ஆபீஸ், கரண்ட் பில், இங்கே தங்குகிற பெர்மிட் புதுப்பிக்கப் போலீஸ் ஆபீஸ், எல்லாவற்றுக்கும். போகும்போது பஸ்ஸில், மாமா, எனக்கு இன்னிக்குக் கணக்குப் பரீட்சை இருந்துச்சு, உங்க புண்ணியத்தில தப்பிச்சேன் என்றாள். உன்னையும் இப்படித்தானே கூட்டிக்கொண்டு அலைந்தோம். உன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் எங்களை வரச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? உன்னைப் பற்றிய புகாரை எங்களுக்கு நீயே சொல்ல வேண்டும். டீச்சர் கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிஷம் பேசினாள். நீ திரும்பி, கணக்கில கொஞ்சம் கவனம் வேணுமாம், மத்தபடி தங்கமான பொண்ணாம் என்றாய். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. வெளியே வந்ததும் என்னிடம், அஞ்சு நிமிஷத்தை அஞ்சு வார்த்தையில மடிச்சு வெச்சுட்டா, இவளை அயர்ன் மேசைக்கு அனுப்பலாம் என்றாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம், உனக்கு ஏன் என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும். காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ஜூலியாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஜூலியா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வாக்கியத்தில் அவள் காது சிவந்தது. மூன்றாவதில் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் காதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், ஷுயான். உடனே எழுந்து டாக்டரின் காகிதத்தின் மேல் கையை வைத்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்திருக்கும். ஜூலியாவிடம், நீ போய் வெளியே உக்காரும்மா, இது பெரியவங்க வேலை, நானே பாத்துக்கறேன் என்றேன். மாமா, உங்களுக்கு ஒண்ணும் புரியாதே என்றாள். புரியறது புரியட்டும், நீ போய் மெஷின்ல ஜூஸ் வாங்கிக் குடி என்று சில்லறையைக் கொடுத்து அனுப்பினேன். அவள் ஓடிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் டாக்டர் எங்கோ போன் போட்டு மேசையில் வைத்தார், அதிலிருந்து நம்மவள் ஒருத்தி பேசினாள், வடக்கத்திப் பேச்சு, ஆனால் நன்றாகப் புரிந்தது. விஷயம் இதுதான், நடுவில் யாரும் இல்லாமல் நானே உனக்குச் சொல்கிறேன்: இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. கை வழியாகக் கம்பி விட்டு, சின்ன வலை வைத்து விரித்துவிடுவார்களாம். ஏப்ரல் பதினேழாம் தேதி. இரண்டு நாளில் வீடு, இரண்டு வாரத்தில் வேலை. ஆபத்து இருக்கிறதா என்று கேட்டேன், கொஞ்சம் இருக்கிறது என்றார், எதையும் மடித்து வைக்காமல் சொல்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் காகிதத்தை வாங்கினேன். புத்தாண்டு அன்று நீ போனில், அப்பா, இந்த வருஷமும் அம்மா கல்லறைக்கு வரமாட்டேன், அவ முன்னாடி நிக்க எனக்கு முகம் இல்ல, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் என்ன சொன்னார்னா என்று ஆரம்பித்தாய். நான், ஐயோ அடுப்பில அரிசிக் கேக் தீயுது என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, மகளே. அடுப்பே பற்றவைக்கவில்லை.

அன்றைக்கு ஜூன் மாதம். உனக்குப் பதிமூன்று வயது. அம்மாவை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உன்னையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அந்த டாக்டர் வயதானவர், முதலில் உன்னைப் பார்த்துவிட்டு வேறு யாராவது பெரியவர்கள் உண்டா என்று கையால் கேட்டார். நம் பாஷையில் மாற்றிச் சொல்கிற அம்மாள் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாள், அன்று அவள் வருகிற நாள் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, உன் முதுகில் தட்டினேன், எங்கள் வீட்டுப் பெண் கெட்டிக்காரி, தாராளமாகச் சொல்லுங்கள் என்கிற மாதிரி. பெருமை வேறு. டாக்டர் ரொம்ப நேரம் பேசினார். உன் காது சிவந்தது. நீ எதுவும் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு மரியாதை என்று அந்த வெயிலிலும் போட்டுப் போய் நாற்காலியில் தொங்கவிட்ட என் கோட்டை எடுத்தார். வெளித்துணியில் விரலை வைத்து வட்டம் போட்டுக் காட்டினார். அப்புறம் கோட்டை விரித்து, உள்ளே லைனிங்கைப் பிடித்து, அங்கேயும் அதே வட்டம், இங்கே, இங்கே, இங்கே என்று. பிறகு கோட்டை மெதுவாக மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வெளியே வந்தோம். அம்மா எழுந்து நின்றாள். நீ அவளிடம், வயித்துப் புண்ணாம்மா, மருந்து ஒழுங்கா சாப்பிட்டா ஆறிடுமாம், காரம் வேண்டாமாம் என்றாய். இரண்டு மூச்சில் சொல்லி முடித்தாய். நான், அப்போ சரி, வா போய் நூடுல்ஸ் சாப்பிடலாம் என்றேன். அதோடு அது முடிந்தது.

பன்னிரண்டு வருஷம் அம்மா லைனிங் வைத்தாள், அதற்கு நான் அயர்ன் போட்டேன். வெளித்துணியில் கறை பட்டால் துடைக்கலாம், ஆவி காட்டலாம், அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். உள்ளே இறங்கி லைனிங்கைப் பிடித்துவிட்டால் அந்தக் கோட்டைத் தனியாக ஒதுக்கிப் போட்டுவிடுவோம், அதை யாரும் கையில் எடுப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாம். டாக்டர் கோட்டை மடித்து வைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, ஷுயான். நீ வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். நீ சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டுதான் நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிட்டேன்.

புரியாத மனுஷனாக இருப்பது இந்த ஊரில் எனக்கு ரொம்ப சௌகரியம். சோதனைக்கு ஆள் வந்தால் புரியவில்லை, வீட்டுக்காரன் கத்தினால் புரியவில்லை, கோட்டு கோணல் என்று கடைக்காரன் சொன்னால் அதுவும் புரியவில்லை. அதே பழக்கத்தில் அன்றைக்கும் இருந்துவிட்டேன். குழந்தை புண் என்கிறது, அப்போது புண்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவை ஊருக்கு, வென்செங்குக்குக் கூட்டிப்போயிருக்கலாம். தன் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து கடுகுக்கீரை காயப்போட வேண்டும் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், ஆகஸ்டில். அப்போது நம் பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்து ரசீதுதான் கையில் இருந்தது, அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்பி வரவிடுவார்களோ என்னவோ என்று பயம். குளிர்கால ஆர்டர் வேறு. அடுத்த வசந்தத்துக்குப் போகலாம் என்றேன். அடுத்த வசந்தம் இல்லை என்று தெரிந்த வாயால்தான் சொன்னேன். நவம்பரில் போய்விட்டாள். உன் பொய்யால் அம்மா ஊருக்குப் போகாமல் போனாள் என்று இத்தனை வருஷம் நீ சுமந்துகொண்டு திரிகிறாய். அது உன் சுமை இல்லை. போகவிடாதவன் நான். நீ சொன்ன இரண்டு வாக்கியத்துக்குப் பின்னால் ஐந்து மாதம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். செப்டம்பரில் ஒரு மதியம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டாள், அன்னிக்கு டாக்டர் எவ்வளவு நேரம் பேசினார்? ரொம்ப நேரம் என்றேன். நம்ம பொண்ணு எவ்வளவு நேரம் சொன்னா? நான் அயர்ன் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். அவள் ஊசிக்குக் கீழே துணியைத் திருப்பிக்கொண்டே, அப்பவே சொன்னேனே, மடிக்கிறதில கெட்டிக்காரி என்று சிரித்தாள். பிறகு, அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, பாவம், அவளால முடிஞ்ச மாதிரி மடிச்சிருக்கா என்றாள். கோபம் துளியும் இல்லை. அவள் முன்னால் நிற்க உனக்கு முகம் இருக்கிறது. எனக்கு இருக்கிறதா என்றுதான் யோசிக்க வேண்டும், ஆனாலும் வருஷா வருஷம் போய் நிற்கிறேன், ஆரஞ்சு வைக்கிறேன், பட்டறைக் கதையெல்லாம் சொல்கிறேன், இதை மட்டும் சொல்வதில்லை. ஏப்ரல் நாலாம் தேதி சிங்மிங், கல்லறை கும்பிடுகிற நாள், இந்த வருஷம் சொல்லிவிடுவேன்.

ஆபரேஷனுக்காக நீ வர வேண்டாம், விமானத்தில் அத்தனை மணி நேரம் உட்கார்ந்தால் உனக்குக் கால் வீங்கும். அம்மாவைப் பார்க்க வருவதானால் எப்போது வேண்டுமானாலும் வா, உன் அறையில் என் பழைய துணி மூட்டை கிடக்கிறது, எடுத்துவிடுகிறேன். காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. தொப்பி வாங்கு. உடம்பு சுகமாக, மனம் லேசாக, நீ நீண்ட நாள் இருக்க வேண்டும், அம்மாவும் நானும் சேர்ந்து சொல்வதாக எடுத்துக்கொள்.

ஜூலியாவிடம் சொன்னதைப் பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துப் பார்த்தேன், பதினைந்து வருஷம் தாமதமாக, அடுத்தவன் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே, அம்மா எழுந்து நின்றபோது, உன் தோளைப் பிடித்து நிறுத்தி உன்னிடம் நான் சொல்லாத வார்த்தை அதுதான்: நீ போய் உக்காரும்மா. இது பெரியவங்க வேலை. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.

உன் அப்பா
யே தெஷுன்