கை மாறிய கிளினிக்

பிப்ரவரி 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கிளினிக்கை நான் விற்று எட்டு மாதம். நீ கோபித்துக்கொண்டு கிளம்பியும் அவ்வளவுதான். பலகையில் வாங்கிய கம்பெனியின் பெயர் வந்துவிட்டது. நீ நோயாளிகளைப் பார்த்த அறையில் ஸ்கேன் மெஷின் நிற்கிறது. நான் பழைய நாற்காலியிலேயே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். வாடகை, ஆள் பஞ்சம் எதுவும் இனி என் தலைவலி இல்லை.

நேற்று மேனேஜர், "டாக்டர், உங்ககிட்ட வர்றவங்க ரொம்ப சீக்கிரம் வெளிய போயிடறாங்க. டெஸ்ட் எதுவும் எழுதறதில்லையா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்ல ஆளில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கணவன்

பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

சாப்பிடுகிறேன். கீழே ஒற்றை அறையில் நான் தொடங்கிய கிளினிக், மாடியில் குடித்தனம்.

நம் தெருமுனைத் தையல்காரர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வயிற்றெரிச்சலுக்கு ஸ்கேன் எழுதினீர்களாம். "அதே டாக்டர், அதே ரூம்தாம்மா. பில்லு மட்டும் எங்கயோ போயிடுச்சு. எழுதும்போது அவர் என் முகத்தயே பாக்கல" என்றார். வேலை மும்முரத்தில் பாதி நாள் பட்டினி கிடந்திருக்கிறார், எரிச்சல் அதனால்தான். மாத்திரை கொடுத்து, சாப்பிடச் சொல்லி அனுப்பினேன்.

விற்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாரத்தில் பாதியை நானும் சுமந்திருப்பேன். அதுதான் மனசு ஆறவில்லை.

உங்கள் மனைவி

ஏப்ரல் 11

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

தையல்காரருக்கு அந்த ஸ்கேன் தேவையில்லைதான். அதை ஒப்புக்கொள்ள இத்தனை நாள் ஆகிவிட்டது.

போன வாரம் நெஞ்சில் அழுத்தம். நம் கிளினிக்கிலேயே படுக்க வைத்தார்கள். ஈசிஜி, எக்கோ, ரத்தம், ஸ்கேன், ஒன்றும் பாக்கியில்லை. புது டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாம் நார்மல் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

தூக்கம் வருகிறதா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

உன் கணவன்

ஏப்ரல் 17

அன்புள்ள உங்களுக்கு,

ரிப்போர்ட் எதையும் கட்டிக்கொண்டு வர வேண்டாம். நீங்கள் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கீழே பூட்டியிருக்கும். பக்கவாட்டுப் படியேறி மாடிக் கதவைத் தட்டுங்கள். நாடி பார்க்கிறேன், பேசுவதை எல்லாம் கேட்கிறேன். என் கோபம் போய்விட்டதென்று நினைத்துக்கொள்ளாதீர்கள், போகவில்லை.

கடைசி பஸ் இருட்டுவதற்குள் கிளம்பிவிடும். அதில் திரும்பினால் தடுக்க மாட்டேன். எதற்கும் மாற்றுத் துணி எடுத்து வையுங்கள்.

உங்கள் மனைவி