கைவிடப்பட்ட கால் மணி நேரம்

நவம்பர் 14, வெள்ளி. பெஹாலா.

மதியம் சந்தையிலிருந்து திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய செருப்பும் மாமியாரின் செருப்பும் வாசலிலேயே இருந்தன. விரித்த வேதாகமத்தின்மேல் அவர் கண்ணாடி. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. போதகர் மனைவிக்கு வேறென்ன தோன்றும்? கர்த்தர் வந்துவிட்டார், அவர்களை உயிரோடு பரலோகத்துக்கு எடுத்துக்கொண்டார், நான் கைவிடப்பட்டேன்.

கால் மணி நேரம் கழித்து இருவரும் மொட்டை மாடியில் ஜெபம் முடித்து இறங்கி வந்தார்கள். நினைத்ததை உளறிவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“ஞாயித்துக்கிழமை இதையே சாட்சியா சொல்லு. பக்கத்து வீட்டு காக்கிமாவையும் கூட்டிட்டு வா. நீ நடுங்குனத கேட்டா அவங்க மனந்திரும்பிருவாங்க. காலம் ரொம்ப இல்ல.”

“ஸ்தோத்திரம்” என்றார் மாமியார்.

சரியென்று தலையாட்டினேன். காக்கிமா, அந்த வங்காளி அம்மா, நான் கூப்பிட்டால் வருவார். நான் எதைச் சொன்னாலும் நம்புவார், பாவம்.

ஆனால் அந்தக் கால் மணி நேரம் நான் நடுங்கவே இல்லை. அழவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு எனக்கு மட்டும் டீ போட்டேன். அவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன்.

மாடிப்படியில் அவர்கள் குரல் கேட்டபோதுதான் கை நடுங்கியது.